பிறநாட்டுக் கல்வியும் பிறநாட்டார் நட்பும்

எம்மிடம் முன்னொருகாலத்துக் கல்வி கற்ற மாணாக்கன் ஒருவன் மேற்படிப்பின்பொருட்டு இங்கிலாந்து செல்ல ஆயத்தஞ் செய்துகொண்டிருந்தான். அவனுடைய தந்தையார் ஒருநாள் மாலை எம் இல்லத்துக்கு வந்து, நெடுநேரம் வேறு விஷயங்களைப் பேசியிருந்து, விடைபெறுஞ் சமயத்திலே தாம் வந்த காரியத்தைச் சொன்னார். "ஐயா, இவன் அங்கே செய்யக்கூடாதவை இவையென்று ஒரு தாளில் எழுதித் தரவேண்டும். நான் சொன்னாற் கேளான், தாங்கள் எழுதிக் கொடுத்தாற் பெட்டியில் வைத்துக்கொண்டு போவான்" என்றார். யாமும் இசைந்து தாளை எடுத்தோம். ஊன் உண்ணற்க, மது அருந்தற்க என்னும் இரண்டினையும் எழுதியபின் எழுதுகோல் நின்றுவிட்டது. மூன்றாவதாக அவர் எதிர்பார்த்தது, "அந்நாட்டாரோடு மிகப் பழகற்க" என்பதே. அவர் முகமே அதனைக் காட்டிற்று. அதை எழுத எம் கை எழவில்லை. எழுதாது விடவும் துணிவு பிறக்கவில்லை. நாளை தருவோம் என்று அவரை அனுப்பிவிட்டு, அன்றிரவும் அதன் பின்னரும் யாம் எண்ணியவற்றை உபாத்தியாய நண்பர்கள்முன் ஈண்டு வைக்கின்றோம். அவர்களிடமும் இவ்வினா ஒருநாள் வரும். பலரிடம் வந்தும் இருக்கும்.

வினா இதுவேயாம். ஒருவன் பிறநாடு சென்று கற்குங்கால், பெற்றோர் தன்பால் ஒப்புவித்த ஒழுக்கத்தைக் காத்தலும், அந்நாட்டு மக்களோடு உண்மை நட்புப் பூணுதலும் ஒருங்கே கூடுமா? கூடாதென்பார் இருதிறத்தர். ஒரு திறத்தார், நட்பு ஒழுக்கத்தைக் கெடுக்குமாதலின் நட்பை விடுக என்பர். மற்றைத் திறத்தார், ஒழுக்கம் நட்புக்குத் தடையாமாதலின் ஒழுக்கத்தை விடுக என்பர். இவ்விருவரும் தம்முள் மாறுபட்டவர் போலத் தோன்றினும் உண்மையில் ஒரே கொள்கையினர். நட்பென்பது இருவர் ஒரேதன்மையராய் மாறிவிடுதல் என்பதே அக்கொள்கை.

நம் முன்னோர் அவ்வாறு கருதினாரல்லர். பாண்டிநாட்டுப் புலவராகிய பிசிராந்தையாரும் சோழநாட்டு வேந்தனாகிய கோப்பெருஞ்சோழனும் ஒருவரையொருவர் காணாதே நட்டனர் என்பது சிறுவரும் அறிந்த வரலாறு. ஆதிசைவ மரபினராகிய சுந்தரமூர்த்தி நாயனாருக்குத் தோழராயினார் சேரநாட்டு அரசராகிய சேரமான் பெருமாள். திருவள்ளுவர் நட்பைப்பற்றி அடுத்தடுத்து ஐந்து அதிகாரங்கள் வகுத்தனர். அவற்றுள் இரண்டு தீய நட்பையும் பொய்ந் நட்பையும் விலக்குதற்கே அமைந்தன. நட்பிலே கேடு உண்டென்பதை அவர் நன்கறிவார். ஆனால், அக்கேட்டினை அவர் ஒரு தேசத்தின்மேலோ ஒரு நிறத்தின்மேலோ ஏற்றிவிட்டாரல்லர், மனத்தின்மேலே ஏற்றினார்.

இவையெல்லாம் ஒரு மொழியினர்க்குள் நிகழ்ந்தவை, கடல் கடந்த நட்புக்குச் சான்றாகா என்று ஒருவர் கூறின், அவர் கூற்று நியாயமே. ஆதலாற் கடல் கடந்து சென்று கற்றவர்களையே நோக்குவோம்.

காந்தியடிகள் 1888 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திற் பம்பாயிலிருந்து கப்பலேறியபோது அவருக்கு வயது பதினெட்டு. ஊனையும் மதுவையும் மாதரையும் தீண்டேன் என்று, சைனத் துறவி ஒருவர் முன்னின்று செய்விக்கத் தம் தாயாருக்குச் சபதஞ் செய்து கொடுத்துச் சென்றார். கடல் கடத்தல் தகாதென்று அவருடைய சாதிச் சபையார் அவரைச் சாதியினின்றும் விலக்கினர். இவற்றைப் பலரும் அறிவர். இலண்டனிலே அவர் பட்டுத்தொப்பி வாங்கியதும், நடனமும் பிடில் வாத்தியமும் பயிலத் தொடங்கியதும், சில மாதங்களில் அவை வீணென்று விட்டதும் அவரே எழுதியுள்ளார். அத்தொப்பியினால் அவருக்கு ஒரு நண்பர் வாய்த்தாரென்று யாம் காணவில்லை. யாம் எடுத்துக்கொள்ள விரும்புவன, அவர் தம் சுயசரிதையில் எழுதிய வேறு இரண்டு செய்திகள்.

இலண்டன் சென்ற இரண்டாம் ஆண்டின் இறுதியிலே, பிரமஞான சபைச் சார்பினரான சகோதரர் இருவர் அவரைச் சந்தித்தனர். எட்வின் ஆர்னல்ட் என்பவர் 1885 இல் வெளியிட்ட பகவற்கீதையின் ஆங்கில மொழிபெயர்ப்பை அவர்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். மூலத்தைத் தங்களோடிருந்து படிக்கும்படி இவரை அழைத்தார்கள். இவருக்கு வெட்கம் பிறந்தது. வடமொழியிலேனும் தம் தாய்மொழியாகிய குசராத்தியிலேனும் அந்நூலை அவர் அதுகாறும் படித்ததில்லை. படித்தவர்போல நடித்திருக்கலாம், பிறநாட்டவர்முன் அவ்வாறு நடிப்பது எளிது. அவரோ படித்திலேன் என்பதை ஒளியாது சொல்லி, அவர்களோடிருந்து படிக்கத் தொடங்கினார். பின்னாளிலே அவர் வாழ்வுக்கு ஆதாரமாய் நின்ற நூல் அவர் கையில் வந்த வழி இதுவேயாம்.

மற்றது இன்னும் நுண்ணியது. அக்காலத்து இங்கிலாந்து சென்ற இந்திய மாணாக்கர், தாம் சிறுவயதில் மணம்புரிந்தவர் என்பதை மறைத்தல் வழக்கம். அங்குள்ள மாணாக்கர் மணமாகாதவராதலின், தாமும் அவ்வாறே காட்டிக்கொண்டனர். காந்தியடிகளும் மறைத்தார். பிரைட்டன் நகரத்து விடுதி ஒன்றிலே, பிரெஞ்சுமொழியில் எழுதப்பட்ட உணவுப் பட்டியைப் படிக்கமாட்டாது தயங்கிநின்ற இவருக்கு உதவிய மூதாட்டியார் ஒருவர், பின்பு ஞாயிறுதோறும் தம் இல்லத்துக்கு விருந்துக்கு அழைத்தார். இளம்பெண்களோடு பேசிப் பழகவும் இடஞ்செய்தார். எண்ணம் எத்திசையிற் செல்கின்றதென்பது இவருக்கு மெல்ல விளங்கிற்று. நேரிற் சொல்ல நாவெழாமையால், தாம் பாலியத்திலே மணம்புரிந்தவர் என்றும், ஒரு மகவுக்குத் தந்தை என்றும், இதனை முன்னரே சொல்லாதது பிழை என்றும் ஒரு கடிதம் எழுதினார். அம்மையார் கோபித்தாரல்லர். தாம் நகைத்து மகிழ்ந்ததாகவும், வழக்கம்போல வருக என்றும், பாலிய விவாகத்தைப்பற்றி அவர் வாயிலாகக் கேட்க விரும்புவதாகவும் விடை எழுதினார்.

இவ்விரண்டிடத்தும் அவருடைய சபதத்துக்கு ஊறு நேரவில்லை. ஊறு நேரவிருந்தது வேறொன்றுக்கு. தம்மிடத்திலே அந்நியருக்கு விநோதமாய்த் தோன்றும் ஒன்றை மறைத்துக்கொண்டு அவர்களோடு பழகும் பழக்கமே அது. மறைத்தல் என்பது இறைவன் செய்தால் அருட்டொழில். மனிதர் நண்பர்பாற் செய்தால் அது நட்பைத் தின்னும் புழுவாம். இவ்வெண்ணம் தோன்றியபின், எம் சிந்தை இராமாநுசத்தின்மேற் சென்றது. ஏனெனில், ஆசாரத்தைக் காத்தமையால் அழிந்தவர் என்று மற்றைத் திறத்தார் எடுத்துக்காட்டும் பெயர் அவருடையதே.

கணித மேதை சீனிவாச இராமாநுசம், சென்னைத் துறைமுகக் கணக்கராய் இருந்தபோது, 1913 சனவரியிலே கேம்பிறிட்ஜ் சர்வகலாசாலைக் கணித அறிஞர் ஹார்டி என்பவருக்குத் தம் கணித முடிபுகளை எழுதி அனுப்பினார். அவர் அழைக்க, 1914 மார்ச்சு 17 ஆந் தேதி சென்னையிலிருந்து கப்பலேறினார். சில மாதங்களுள் மகா யுத்தம் மூண்டது. இராமாநுசம் மரக்கறியே உண்பவர். தம் அறையிலே தாமே சமைத்துண்டார். கல்லூரியின் பொதுப்பந்தியில் அமர்ந்திலர். யுத்தகாலத்துக் காய்கனிகள் அருகின. 1917 இல் நோய்ப்பட்டு ஒரு மருத்துவ இல்லத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொண்டேயிருந்தார். 1918 இல் ரோயல் சொசைட்டியின் உறுப்பினராகவும் திரினிற்றிக் கல்லூரியின் உறுப்பினராகவும் தெரிந்தெடுக்கப்பட்டார். 1919 இல் தாய்நாடு மீண்டு, 1920 ஏப்பிரல் 26 ஆந் தேதி தம் முப்பத்திரண்டாம் வயதிலே காலமானார்.

ஆசாரமே அவரைக் கொன்றது என்பது எளிதிற் சொல்லத்தக்க வார்த்தை. அந்நாள் வைத்தியர் பலர் அவருக்குற்றது காசநோய் என்றனர். 1994 இல் இதனை ஆராய்ந்த மருத்துவர் ஒருவரோ, அது ஈரலைத் தாக்கும் அமீபா நோயாதல் கூடுமென்றும், அவர் சென்னையிலிருந்த காலத்தே பற்றியதாகலாமென்றும் எழுதினர். அஃதுண்மையாயின், அவர் ஊனுண்ணாமை நோய்க்கு மூலகாரணமாகாது. ஆனால் எம்மை வருத்துவது அவருடைய நோயைவிட அவருடைய மௌனமே.

கேம்பிறிட்ஜில் அப்போது மாணாக்கராயிருந்த மகலனோபிஸ் என்னும் வங்காளத்தவர் கூறியது ஒன்றுண்டு. குளிர்காலத்தில் ஒருநாள் அவர் இராமாநுசத்தின் அறைக்குச் சென்று, இரவிற் குளிர் வருத்தவில்லையா என்று வினாவினார். மேற்சட்டையோடு படுத்துச் சால்வையும் போர்த்தும் குளிர்கின்றது என்றார் இராமாநுசம். மகலனோபிஸ் படுக்கையறைக்குட் சென்று பார்த்தார். கம்பளிப் போர்வைகள் பல, கட்டிலின் மெத்தையோடு இறுக மடித்துச் செருகப்பட்டு, மேலே ஒரு விரிப்பினால் மூடப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே படுக்கவேண்டுமென்பதை இராமாநுசம் அறியாதவராய், அவற்றின்மேலே படுத்துவந்தார்! மகலனோபிஸ் அவற்றை இழுத்துக் காட்டியபோது அவர் மனம் நெகிழ்ந்தாராம். எண்களின் இரகசியங்களை உலகுக்குக் காட்டிய ஒருவர், போர்வையைப்பற்றி ஒருவரையும் கேட்கமாட்டாமல் இரவெல்லாம் குளிரில் நடுங்கினார். நாள்தோறும் அவரோடிருந்து கணிதம் ஆய்ந்த ஹார்டிக்கு இது தெரியாது.

ஹார்டியைக் குறைகூறுதற்கு இதனைச் சொல்லவில்லை. அவர் கடவுள் இல்லையென்னும் கொள்கையினர்; இராமாநுசமோ நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாக வழிபட்டவர். அவ்வேறுபாடு அவர்கள் நட்பைக் குலைக்கவில்லை. குலைக்காததோடு, தம் நண்பரின் பெருமை உலகறியும்படி செய்வதைத் தம் வாழ்நாட் கடமையாகவே ஹார்டி கொண்டார். குறை எங்கேயெனின், இரண்டு நல்ல வழக்கங்கள் எதிர்ப்பட்ட இடத்திலாம். பிறனுடைய அந்தரங்க வாழ்விலே கேளாது தலையிடுதல் அநாகரிகம் என்பது ஆங்கிலேயக் கனவானின் வழக்கம். தன் துன்பத்தையும் தன் குடும்பக் குறையையும் பிறர்க்குச் சொல்லுதல் மானக்கேடு என்பது நம்மவர் வழக்கம். தனித்தனியே நோக்கின் இரண்டும் பண்புடையனவே. இரண்டுஞ் சேர்ந்தபோது, ஒருவர் கேளாமலும் மற்றவர் சொல்லாமலும், இடையிலே ஒரு சுவர் எழுந்துவிட்டது. இல்லத்திலிருந்து இராமாநுசத்துக்குக் கடிதம் வருதல் அருகியதையும் ஹார்டி நெடுநாட் கழித்தே அறிந்தார். 1918 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, இராமாநுசம் இலண்டனிற் சுரங்கப் புகைவண்டியின் முன்னே வீழ்ந்து உயிர்விட முயன்றார். வண்டி நிறுத்தப்பட்டமையாற் பிழைத்தார். காவலர் அவரைப் பிடித்துச் சென்றபோது, ஓடிவந்து வாதாடி மீட்டவர் ஹார்டியே. அத்துணை அன்பு அங்கே இருந்தது. இருந்தும், அதுகாறும் அவ்வன்பினிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மறைப்பினால் வரும் வருத்தம் வேற்றுநாட்டாரிடத்து மாத்திரம் நிகழ்வதென்றும் எண்ணவேண்டா. ஒருமுறை இராமாநுசம் தாமே சமைத்து விருந்திட்டபோது, இரசத்தை மூன்றாம் முறையும் வார்க்க முன்வர, விருந்தாக வந்த பெண்டிர் போதுமென்றனர். சற்றுநேரத்தில் அவரைக் காணவில்லை. சில நாட்களின் பின் ஐந்து பவுண் அனுப்பும்படி ஒக்ஸ்போட்டிலிருந்து அவருடைய தந்தி வந்தது. தம் உணவை இகழ்ந்தனர் என்று அவர் மனம் நொந்து போய்விட்டார். அவ்விருந்தினர் ஐரோப்பியரல்லர், இந்தியரே.

இனி நம் நாட்டவர் ஒருவரைக் காண்போம். சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1853 இற் கொழும்பிற் பிறந்தவர். 1870 இல் அரசினர் புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிறிட்ஜிலே கிறைஸ்ட்ஸ் கல்லூரியிற் கற்றவர். 1875 இற் சிவில் சேவையில் அமர்ந்தவர். கேம்பிறிட்ஜில் அவருக்கு நண்பராயினார் எட்வேட் கார்ப்பென்டர். இவர் அருணாசலத்தினும் ஒன்பது ஆண்டு மூத்தவர். கிறித்தவ குருப்பட்டம் பெற்றிருந்து 1874 இல் அதனைத் துறந்தவர். பின்னர்ச் சிற்றூரொன்றிற் குடியேறித் தோட்டம் பயிரிட்டும், தம் கையாலே செருப்புத் தைத்தும், தொழிலாளரோடு கலந்து வாழ்ந்தவர். அருணாசலம் மீண்டபின் நீதிபதியும் பெருங்குடும்பத்தவருமாய் விளங்கினார். இவர்களைப்போல வாழ்க்கைமுறையில் வேறுபட்ட இருவரைக் காண்டல் அரிது.

1881 ஆம் ஆண்டளவிலே அருணாசலம் தம் நண்பருக்குப் பகவற்கீதை மொழிபெயர்ப்பொன்றை அனுப்பினார். காந்தியடிகளிடத்து நிகழ்ந்தது இங்கே தலைகீழாய் நிற்றல் காண்க. அங்கே பிறர் கேட்க இவர் வெட்கினார். இங்கே பிறர் கேளாமுன்னே இவர் கொடுத்தார். 1890 இற் கார்ப்பென்டர் இலங்கைக்கு வந்து, அருணாசலம் நீதிபதியாயிருந்த குருநாகலில் அவரோடு தங்கினார். தாம் குருவாக மதித்த தமிழ் ஞானியார் இராமசுவாமி என்பவரிடம் அருணாசலம் தம் நண்பரை அழைத்துச் சென்றார். சில வாரங்கள் கார்ப்பென்டர் அவர்பாற் சென்று கேட்டார். ஒரு நீதிபதி, சீமையிற் கற்றவர், தம் ஆங்கிலேய நண்பரை அழைத்துக்கொண்டு ஒரு துறவியின்முன் தரையிலமர்ந்ததை அக்காலத்து உத்தியோகத்தர் சிலர் எவ்வாறு பேசியிருப்பர் என்பதை எண்ணின் நகை வருகின்றது. கார்ப்பென்டர் 1892 இல் வெளியிட்ட தம் பிரயாண நூலிலே இச்சந்திப்பை விரித்தெழுதினார்.

கார்ப்பென்டர் சைவராகவில்லை, அருணாசலம் அவரை அவ்வாறு ஆக்கவும் முயன்றதாகக் கண்டிலேம். கார்ப்பென்டர் தமக்கு ஒவ்வாதவற்றை ஒவ்வாவென்றே எழுதினார். அதனால் நட்புக் குறையவுமில்லை. பயனும் ஒருபாலாக நிற்கவில்லை. அருணாசலம் 1915 இலே சமூகசேவைச் சங்கத்தையும், 1919 இலே தொழிலாளர் நலனுக்கான சங்கத்தையும் தாபித்து, தோட்டத் தொழிலாளரின் துயர் நீங்க உழைத்தார். செல்வக்குடியிற் பிறந்த ஒருவர் அத்துறையிற் புகுந்ததற்கு, செருப்புத் தைத்த அந்நண்பரின் வாழ்வும் ஒரு காரணமாயிருந்திருக்கும் என்று யாம் கருதுகின்றோம். 1924 சனவரியில் அருணாசலம் மதுரையிலே காலஞ்சென்றபின், அவர் ஞானநெறியைக் குறித்துத் தமக்கு எழுதிய கடிதங்களை, எண்பது வயது கடந்த கார்ப்பென்டர் தொகுத்து 1927 இல் நூலாக வெளியிட்டார். அரைநூற்றாண்டு நின்ற நட்பின் கடைசிக் கைங்கரியம் அஃது.

எல்லாரும் அருணாசலமாகப் பிறத்தல் இயலாதென்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். இளமை முதல் ஆங்கிலம் பயின்ற செல்வக்குடியினர்க்கும், வறிய கணக்கராயிருந்து திடீரெனக் குளிர்நாட்டிற் புகுந்தவருக்கும் நட்பின் வாயில் ஒரே அகலமுடையதன்று. நம்மவர் திறந்த மனத்தோடு சென்றும், நிறங் கருதி ஒதுக்கப்படும் இடங்களும் உள. அவ்விடத்துப் பிழை நம் பிள்ளைகளுடையதன்று. அதனை அவர்கள்மேற் சுமத்துதல் கொடுமையாம்.

இக்காலத்துப் பிள்ளைகளுக்கு வேறொரு தடை உண்டு. கப்பலில் நான்கு வாரம் சென்ற தூரத்தை இப்போது ஒருநாளில் விமானத்திற் கடக்கின்றனர். தாயின் முகத்தை மாலைதோறும் கைத்தொலைபேசியிற் காண்கின்றனர். இவை நல்லனவே; இராமாநுசத்துக்கு இவை இருந்திருப்பின் என்று எண்ணாதிருக்க முடியவில்லை. ஆயினும், நம்மூரார் நால்வர் சேர்ந்து ஒரு வீட்டிற் குடியிருந்து, நம்மூர்ச் சமையலுண்டு, நம்மூர்ப் பேச்சே பேசி, மூன்றாண்டு கழித்து அந்நாட்டார் ஒருவரின் வாயிற்படியையும் மிதியாமல் திரும்புவாரும் உளர். அவர்களுடைய ஆசாரம் காக்கப்பட்டதென்று பெற்றோர் மகிழ்கின்றனர். பெட்டியில் வைத்துப் பூட்டிய பட்டுவேட்டி கிழிவதில்லைதான். அதனை உடுத்ததாகவும் சொல்லமுடியாது.

மறுநாட் காலை அம்மூன்றாவது வரியை இவ்வாறு எழுதினோம்: "உன்னை ஒருவர் அன்போடு கேட்டால், உள்ளதை ஒளியாதே, குளிரினும் பசிப்பினும் ஒளியாதே." தாளை வாங்க மாணாக்கனே வந்தான். அவன் அதைப் படித்துவிட்டு ஒன்றுஞ் சொல்லவில்லை. அவன் நெற்றியிலே திருநீறு இருந்தது. புறப்படுமுன் கோயிலுக்குப் போய் வந்திருந்தான்.

"தம்பி, அங்கே உன்னோடு கற்கும் ஒருவன், இது என்ன என்று கேட்டால் யாது சொல்வாய்?" என்று வினாவினோம்.

"அங்கே நான் பூசமாட்டேன், ஐயா. பூசினாற்றானே கேட்பார்கள்" என்றான்.

எமக்குச் சினம் எழுந்தது. வெட்கமா என்று கேட்டோம்.

"வெட்கமில்லை, ஐயா. கேட்டாற் சொல்ல எனக்குத் தெரியாது. ஆறு வருஷம் தங்களிடம் சமயபாடம் படித்தேன். தேவாரம் மனனஞ் செய்வித்தீர்கள்; பரீட்சையில் எண்பதுக்கு மேலே எடுத்தேன். இது என்னவென்று தாங்களும் எங்களுக்குச் சொல்லவில்லை; நாங்களும் கேட்கவில்லை" என்றான். அவன் குறும்பாகச் சொல்லவில்லை. குனிந்த தலையோடு சொன்னான்.

அவனை இருக்கச் சொன்னோம். பொருளை விளக்கத் தொடங்கி, இரண்டு மூன்று வாக்கியங்கள் சொல்லியபின், யாம் சொல்வன வகுப்பிலே சொல்லும் அதே வாக்கியங்கள் என்பதையும், அவற்றை அறியாத ஒரு பிறநாட்டு இளைஞனுக்கு அவை ஒன்றையும் விளக்கமாட்டா என்பதையும் கண்டோம். மீண்டும் முதலிலிருந்து தொடங்கினோம். விளக்கேற்றும் நேரமாயிற்று. அவன் விமானம் ஏறுதற்கு இன்னும் இரண்டு நாட்களே இருந்தன. நாளையும் வருகின்றேன் என்று சொல்லிச் சென்றான்.